செட்டிநாட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் கணிதத்திலும் இயற்பியலிலும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் கொப்புடையம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், ஒரு பழைய வீட்டின் முகப்பில் வாரத்துக்கு மூன்று நாள் மாலையில் உட்காருகிறோம். நான் கணிதம் பார்க்கிறேன், நண்பர் இயற்பியல் பார்க்கிறார். தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல், கோட்டையூர்ப் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் வருகிறார்கள். கேட்பதில் பாதி திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்தான். புதிதாக வருபவர்கள் வரும் முன்பே படித்துக்கொள்ளட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

யார் வரலாம்? கட்டணம் உண்டா?

பி.எஸ்சி., எம்.எஸ்சி. கணிதம் அல்லது இயற்பியல் படிப்பவர்கள், பொறியியல் முதல் இரண்டு ஆண்டுப் பிள்ளைகள். கட்டணம் இல்லை. எந்தக் கல்லூரி, எத்தனை மதிப்பெண் என்று கேட்க மாட்டோம்.

ஒன்றுமே புரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. ஒன்றுமே புரியாத பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. ஏதோ ஓரிடத்தில் ஒரு சின்ன ஆணி கழன்றிருக்கும். அதற்குப் பிறகு வந்த எல்லாமே ஆடுவதால் மொத்தமும் புரியாதது போலத் தெரியும்.

போன ஆண்டு ஒரு மாணவி வந்தார். "குவாண்டம் எனக்கு வராது" என்றார். பெட்டிக்குள் அடைபட்ட துகள் பாடம் அது. அலைச்சார்பின் முன்னால் நிற்கும் கெழு, 2 வகுத்தல் பெட்டி நீளம், அதன் வர்க்கமூலம் என்று புத்தகத்தில் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று கேட்டேன். "அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள்" என்றார். சரி, சைன் வர்க்கத்தைத் தொகையிடுங்கள் என்று தாளைக் கொடுத்தேன். சைன் கனம் வகுத்தல் 3 என்று எழுதினார்.

சிக்கல் குவாண்டத்தில் இல்லை, பிளஸ் டூவில் விட்டுப்போன ஒரு வரியில் இருந்தது. சைன் வர்க்கம், கோசைன் வர்க்கம் இரண்டின் வரைபடத்தையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வரையச் சொன்னேன். இரண்டும் ஒரே வடிவம், ஒன்று கொஞ்சம் தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். இரண்டையும் கூட்டினால் எல்லா இடத்திலும் 1. அப்படியானால் பெட்டி முழுவதற்கும் ஒவ்வொன்றின் சராசரியும் அரை. சைன் வர்க்கத்தின் பரப்பு பெட்டி நீளத்தில் பாதி. துகள் பெட்டிக்குள் எங்காவது இருந்தே ஆக வேண்டும், அதனால் கெழுவின் வர்க்கத்தை அந்தப் பரப்பால் பெருக்கினால் 1 வர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மீதியை அவரே எழுதினார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு பருவமாக "எனக்கு வராது" என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

அதனால் தொடக்கம் எப்போதும் பின்னோக்கித்தான். புரியாத வரியிலிருந்து ஒவ்வொரு வரியாக மேலே போங்கள். "இது எனக்குத் தெரியும், ஏன் என்றும் சொல்வேன்" என்று சொல்லக்கூடிய வரி வந்ததும் நில்லுங்கள். அதற்கு அடுத்த வரியைத்தான் எங்களிடம் கொண்டுவர வேண்டும்.

ஆசிரியரிடம் எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை.

"சார், மூன்றாவது யூனிட் புரியவில்லை" என்று கேட்டால் அவர் மூன்றாவது யூனிட்டை முதலிலிருந்து சொல்வார், நீங்கள் முதலில் தொலைந்த இடத்திலேயே மறுபடியும் தொலைவீர்கள். "நாலாவது வரியிலிருந்து அஞ்சாவது வரிக்குப் போகும்போது இந்த எதிர்க்குறி எப்படி வந்தது?" என்று கேளுங்கள். இதற்கு இரண்டு நிமிடத்தில் பதில் கிடைக்கும். பிள்ளை உட்கார்ந்து முயன்றிருக்கிறது என்பதும் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். இப்படிக் கேட்கும் பிள்ளைக்கு நேரம் ஒதுக்காத ஆசிரியர் குறைவு.

தமிழ் வழியில் படித்தேன். ஆங்கிலப் புத்தகம் கண்ணைக் கட்டுகிறது.

பயப்படாதீர்கள். கணிதப் புத்தகத்தில் வரும் ஆங்கிலம் மிகவும் சின்னது. "என்க", "எனில்", "ஆகவே", "ஏதேனும் ஒரு", "எல்லா", "இருந்தால், இருந்தால் மட்டுமே" இவற்றுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று தெரிந்தால் பாதிப் புத்தகம் திறந்துவிடும். ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு, ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், எதிரே நீங்கள் பள்ளியில் படித்த சொல் என்று எழுதுங்கள்: வகைக்கெழு, தொகையீடு, அணி, உந்தம், திருப்புவிசை. இந்தப் பொருளெல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது.

கவனமாக இருக்க வேண்டியது வேறு இடத்தில். ஒரே ஆங்கிலச் சொல்லுக்குப் பாடத்துக்குப் பாடம் பொருள் மாறும். "நார்மல்" என்ற சொல்லைப் பாருங்கள். வடிவியலில் அது செங்கோடு, புள்ளியியலில் இயல்நிலைப் பரவல், குலக் கோட்பாட்டில் ஒரு தனி வகை உட்குலம், வீட்டில் சாதாரணம். "பீல்டு" என்றால் இயற்பியலில் மின்புலம், காந்தப்புலம். இயற்கணிதத்திலோ கூட்டலும் பெருக்கலும் வகுத்தலும் ஒழுங்காக நடக்கும் ஒரு கணம். இந்தக் குழப்பம் ஆங்கில வழியில் படித்த பிள்ளைகளுக்கும் வருகிறது. யோசிப்பது தமிழில், விடை எழுதுவது ஆங்கிலத்தில் என்று வைத்துக்கொண்டால் ஒரு குறையும் இல்லை. நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

எப்சிலான், டெல்டா எதற்கு? எல்லை என்றால் "நெருங்குவது" என்று சொன்னால் போதாதா?

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் கல் போடும் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிமேல் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி எடுக்கிறார்கள். சட்டம் 8 அங்குலச் சதுரம் என்றால் கல்லின் பரப்பு 64 சதுர அங்குலம்.

வாங்க வருபவர் சொல்கிறார்: "பரப்பு 64-லிருந்து 1 சதுர அங்குலத்துக்கு மேல் விலகக் கூடாது." அந்த 1தான் எப்சிலான். சட்டம் செய்பவர் யோசிக்கிறார்: பக்கம் 8-லிருந்து எவ்வளவு விலகினால் இவர் கேட்டதற்குள் நிற்கும்? அந்த விலகல்தான் டெல்டா.

கணக்கைப் போடுவோம். பக்கத்தை எக்ஸ் என்க. எக்ஸ்² − 64 என்பது (எக்ஸ் − 8) × (எக்ஸ் + 8). பக்கம் 1 அங்குலத்துக்கு மேல் பிசகாது என்று முதலில் கட்டுப்படுத்திக்கொண்டால் எக்ஸ் 9-க்குக் கீழே, எக்ஸ் + 8 என்பது 17-க்குக் கீழே. ஆகவே பரப்பின் விலகல், பக்கத்தின் விலகலைப்போல் 17 மடங்கைத் தாண்டாது. பக்கத்தின் விலகல் 17-ல் 1 பங்கு அங்குலத்துக்குள் இருந்தால் போதும். நாளைக்கே அவர் வந்து "அரைச் சதுர அங்குலம்தான் விலகலாம்" என்றால் 34-ல் 1 பங்கு. அவர் எவ்வளவு கறாராகக் கேட்டாலும் அதை 17-ஆல் வகுத்துக் கொடுக்கலாம். தாராளமாகக் கேட்டு, வகுத்தது 1-ஐத் தாண்டினால் 1 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"நெருங்குவது" என்ற சொல்லில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: யார் முதலில் பேசுகிறார் என்ற வரிசை. வாங்குபவர் முதலில் எப்சிலானைச் சொல்ல வேண்டும், சட்டம் செய்பவர் அதற்குப் பிறகுதான் டெல்டாவைச் சொல்லலாம். விடைத்தாளில் நான் பார்க்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்த வரிசையைத் தலைகீழாக எழுதுவதுதான்.

சீரான தொடர்ச்சியும் இங்கேயே கிடைத்துவிடும். பட்டறையில் 12 அங்குலம் வரை எல்லா அளவுச் சட்டமும் இருக்கிறது. ஒவ்வொரு சட்டத்துக்கும் தனித்தனி டெல்டா வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஒரே டெல்டா கொடுக்க முடியுமா? முடியும். இருக்க வேண்டிய பக்கம், செய்த பக்கம் இரண்டின் கூட்டுத்தொகை 24-ஐத் தாண்டாது, எனவே எப்சிலானை 24-ஆல் வகுத்தால் போதும். ஆனால் சட்டத்தின் அளவுக்கு உச்சவரம்பே இல்லை என்றால் எந்த ஒரு டெல்டாவும் போதாது. 1000 அங்குலச் சட்டத்தில் மயிரிழை பிசகினாலும் பரப்பு எங்கேயோ போய்விடும். எக்ஸ்² முழு எண்கோட்டில் தொடர்ச்சியானது, ஆனால் சீராகத் தொடர்ச்சியானது இல்லை என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

2.718 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஏன் எல்லா இடத்திலும் வருகிறது?

நம் ஊர்ப் பிள்ளைகள் இதைக் கேட்கும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி, ஏனென்றால் இது வட்டிக் கணக்கு. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டிக்கடை வேலை பழகப் பெட்டியடிப் பையனாகப் போன காலத்தில் முந்திரி என்றால் 320-ல் 1, காணி என்றால் 80-ல் 1, மா என்றால் 20-ல் 1 என்று வாய்ப்பாடாக மனசில் வைத்திருந்த ஊர் இது.

1 ரூபாய், ஆண்டுக்கு நூற்றுக்கு நூறு வட்டி. ஆண்டு முடிவில் ஒரே தடவை வட்டி சேர்த்தால் 2 ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து வட்டிக்கு வட்டி போட்டால் 2.25. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால் 2.441. மாதாமாதம் 2.613. தினமும் 2.7146. இன்னும் பொடியாக்கிக்கொண்டே போனால் எல்லையில்லாமல் ஏறும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ஏறாது. 2.71828 பக்கத்தில் போய் நின்றுவிடும். யாக்கோபு பெர்னூலி 1683-இல் இந்த வட்டிக் கேள்வியைத்தான் ஆராய்ந்தார். கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

இப்போது ஒவ்வொரு கணமும் வட்டி சேர்கிறது என்று வையுங்கள். எந்த நேரத்திலும் பணம் வளரும் வேகம், அந்த நேரத்தில் இருக்கும் பணம் எவ்வளவோ அவ்வளவு. அதனால்தான் இந்த எண்ணை அடியாகக் கொண்ட அடுக்குக்குறிச் சார்பின் வகைக்கெழு அதுவேயாக இருக்கிறது. வாய்ப்பாடாக மனப்பாடம் செய்திருந்தால் இன்றோடு விட்டுவிடலாம். இருப்பதைப் பொறுத்து மாறும் எதுவானாலும் இந்த எண் வந்துவிடும். மின்தேக்கி ஒரு மின்தடை வழியாக மின்னிறக்கம் ஆகும்போது, தடையையும் தேக்குத்திறனையும் பெருக்கி வரும் நேரத்தில் மின்னழுத்தம் 37 விழுக்காடாக இறங்குகிறதே, அது 1-ஐ 2.718-ஆல் வகுத்தால் வருவதுதான்.

நம் ஊர் சிக்ரிக்குள் போனாலும் இதே எண்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் நிலையம் அது. மின்வேதியியலில் முதலில் படிக்கும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் இயற்கை மடக்கை இருக்கிறது. ஓர் எலக்ட்ரான் மாறும் வினையில், 25 டிகிரியில், செறிவு விகிதம் 10 மடங்கு மாறினால் மின்னழுத்தம் 59 மில்லிவோல்ட் மாறும். வட்டிக்கடையும் மின்கலமும் ஒரே சார்பில் வந்து சேர்வதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மாறும். அதைப் பார்ப்பதற்காகவே வாரம் மூன்று நாள் உட்காரலாம்.

ஐகன் மதிப்பு என்றால் என்ன? கணக்குப் போட வருகிறது, அர்த்தம் தெரியவில்லை.

அணி ஒரு வெக்டரைப் பெருக்கினால் பொதுவாக அதன் திசை மாறிவிடும். திசை மாறாத வெக்டர்கள் சில இருக்கும், அவை நீளும் அல்லது சுருங்கும், அவ்வளவுதான். எத்தனை மடங்கு என்பது ஐகன் மதிப்பு. முதல் வரிசை 2, −1, இரண்டாம் வரிசை −1, 2 என்ற அணியை எடுங்கள். (1, 0)-ஐக் கொடுத்தால் (2, −1) வரும், திசை போய்விட்டது. (1, 1)-ஐக் கொடுத்தால் (1, 1) அப்படியே வரும். (1, −1)-ஐக் கொடுத்தால் (3, −3). ஐகன் மதிப்புகள் 1, 3.

இந்த அணியை நான் சும்மா எடுக்கவில்லை. சுவர், ஸ்பிரிங், எடை, ஸ்பிரிங், எடை, ஸ்பிரிங், சுவர் என்று, எடைகளும் ஸ்பிரிங்குகளும் ஒரே மாதிரியாக வைத்துக் கட்டினால் வரும் அணி இது. (1, 1) என்றால் இரண்டு எடையும் சேர்ந்து ஒரே பக்கம் ஆடுகின்றன, நடு ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லை. (1, −1) என்றால் எதிரெதிரே ஆடுகின்றன, நடு ஸ்பிரிங் இரண்டு பக்கமும் இழுபடுகிறது, அதனால் வேகமான அதிர்வு. அதிர்வெண் 3-இன் வர்க்கமூல மடங்கு. கணித வகுப்பும் இயற்பியல் வகுப்பும் தனித்தனியாக நடப்பதால் இந்த இரண்டும் ஒன்று என்று யாரும் சொல்லாமலே போய்விடுகிறது.

பகுதி வகைக்கெழுச் சமன்பாடு வாழ்க்கையில் எங்கே வருகிறது?

நீங்கள் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் சுவரில். வெளியே மே மாத வெயில், பழைய வீட்டுக்குள் குளிர்ச்சி. வெப்பச் சமன்பாடு சொல்வது ஒன்றுதான்: சுவருக்குள் ஓரிடத்தின் சூடு, இரண்டு பக்கத்து அண்டை இடங்களின் சராசரியைவிடக் குறைவாக இருந்தால் ஏறும், அதிகமாக இருந்தால் இறங்கும். "சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது" என்பதன் கணித வடிவம்தான் அந்த இரண்டாம் வகைக்கெழு. ஃபூரியே 1822-இல் வெப்பம் பற்றிய நூலை வெளியிட்டபோது கையாண்டது இதைத்தான்.

செங்கல் சுவருக்கு வெப்ப விரவல் எண் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டரில் 20 லட்சத்தில் 1 பங்கு. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் சூட்டை இந்தச் சமன்பாட்டில் போட்டால், சுமார் 12 சென்டிமீட்டர் உள்ளே போவதற்குள் ஏற்ற இறக்கம் 37 விழுக்காடாகக் குறைகிறது. அதே 37! சுவர் ஒன்றரை அடி என்று வைத்துக்கொண்டால், வெளியே 10 டிகிரி ஏற்ற இறக்கம் உள்ளே வரும்போது ஏறத்தாழ கால் டிகிரி. அதுவும் சுமார் 14 மணி நேரம் தாமதமாக. பகல் 2 மணி வெயிலின் உச்சம் அதிகாலை 4 மணி வாக்கில் உள்சுவரைத் தொடும். வளவின் (உள்வீட்டின்) நடுவே இருக்கும் முற்றமும், உயரமான கூரையும் வீட்டைக் குளிர்விப்பது தனி. இது சுவர் மட்டும் செய்யும் வேலை. இந்தக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்க விரும்புபவர்கள் வாருங்கள், இரண்டு மாலை போதும்.

இயற்பியலில் தருவித்தல்களை மனப்பாடம் செய்யலாமா?

தேர்வுக்கு முதல் நாள் வேறு வழியில்லாமல் செய்தால் திட்ட மாட்டேன். ஆனால் எழுதிய விடை சரியா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். பரிமாணம் சரியாக வருகிறதா? ஒரு அளவைப் பூச்சியமாக்கினால் அல்லது மிகப் பெரிதாக்கினால் தெரிந்த விடை வருகிறதா? பெட்டித் துகளின் ஆற்றல், பெட்டியைப் பெரிதாக்கினால் குறைய வேண்டும், அடைப்பு தளர்கிறது அல்லவா. உங்கள் வாய்பாட்டில் நீளம் மேலே நின்றால், தவறு என்று தேர்வறையிலேயே தெரிந்துவிடும்.

செல்போனில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் விடை வந்துவிடுகிறதே?

வருகிறது, பயன்படுத்துங்கள். விடையைக் கேட்காமல் "அடுத்த படிக்கு ஒரு குறிப்பு மட்டும் கொடு" என்று கேளுங்கள். பிறகு போனைக் கவிழ்த்துவிட்டு நீங்களே எழுதுங்கள். அது தவறாகவும் சொல்லும், தயங்காமலே சொல்லும். தொகையிட்ட விடையை வகையிட்டுப் பாருங்கள், சமன்பாட்டின் தீர்வைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். படித்தபோது புரிந்ததும் எழுதும்போது வருவதும் வேறு வேறு. வெள்ளைத்தாளில் எழுதிப் பார்க்காத வரைக்கும் எது நம்மிடம் இருக்கிறது என்று தெரியாது.

அரியர் விழுந்துவிட்டது. வீட்டில் சொல்லவே பயமாக இருக்கிறது.

முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள். மறைக்கும் பாரத்தோடு படிக்க முடியாது. தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் பேசுகிறேன்.

நான் இளங்கலை படித்தபோது வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்டேன். "இதுகூடத் தெரியாமல் எப்படி இங்கே வந்தாய்?" என்று ஆசிரியர் கேட்டார், வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு நான் வாயே திறக்கவில்லை. மெய்ப்பகுப்பாய்வில் தோற்றேன். மேல்வகுப்பு அக்கா ஒருவர் மரத்தடியில் உட்கார வைத்து, நான் எழுதியதை வரி வரியாகப் படித்து, "இந்த வரி வரைக்கும் நீ சரியாத்தான் வந்திருக்கே" என்று விரலை வைத்துக் காட்டினார். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் மீண்டேன். இங்கே எந்தக் கேள்விக்கும் யாரும் சிரிக்க மாட்டார்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லித்தான் உட்கார வைக்கிறோம்.

அப்புறம், திட்டம். பழைய வினாத்தாள்களை எடுத்து, எந்த யூனிட்டில் நீங்கள் கடைசியாகச் சரியாக நடந்தீர்கள் என்று பார்ப்போம். தினமும் ஒரு மணி நேரம், ஒரு கணக்கு முழுதாக. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எட்டு மணி நேரம் என்பது யாருக்கும் பலித்து நான் பார்க்கவில்லை.

மேலே படிக்க என்ன செய்யலாம்? செலவு தாங்குமா?

ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு உண்டு, ஆண்டுக்கு ஒருமுறை, கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் தனித்தனித் தாள். இளங்கலைப் பாடங்களை அர்த்தத்தோடு படித்தவர்கள் எழுதக்கூடிய தேர்வுதான், முந்தைய வினாத்தாள்களைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். ஐஐடி ஆசிரியர்களின் என்பிடெல் காணொளிகள் இலவசம். சான்றிதழ்த் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். நம் அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே கணிதத்திலும் இயற்பியலிலும் முதுகலையும் ஆய்வுப்படிப்பும் இருக்கின்றன. வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பாடப்புத்தகம், ஒரு நோட்டு, நீங்கள் முயன்று பார்த்த தாள்கள். அடித்த வரிகளைக் கிழித்துவிடாதீர்கள், எனக்கு முக்கியமாக வேண்டியது அவைதான். பேனா நின்றுபோன இடத்தில் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக் கொண்டுவாருங்கள், பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம். வெளியூர்ப் பிள்ளைகளைத்தான் முதலில் பார்த்து அனுப்புகிறோம். எந்தப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று வந்ததுமே சொல்லிவிடுங்கள்.